குடிக்காதவனின் ஈரல்

மாமி,

இன்று காலை வெள்ளவத்தையில் சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். கையில் தேய்த்த ஸ்பிரிட்டின் மணம் வீடு வரை கூடவே வந்தது. என் ஈரலுக்கு என்ன வருத்தமென்று தெரியாமல் அலைந்த காலத்தில், ஒவ்வொரு ஆய்வுகூடத்திலும் பக்கத்துக் கதிரையில் இருந்தது என் மாமியாராகிய நீங்கள்தான்.

முதலில் அசதி. பிறகு உடம்பெல்லாம் சொறி, மூட்டு நோ, கண்ணில் மஞ்சள். வைரஸால் வந்த செங்கமாரி, அதாவது மஞ்சள் காமாலை, என்றார்கள். சோதித்தால் வைரஸ் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு எந்த டொக்டரிடம் போனாலும் ஒரே கேள்விதான்: எவ்வளவு குடிப்பீர்கள்? நான் குடிப்பதில்லை என்பேன். அவர்கள் தலையாட்டுவார்கள், நம்பமாட்டார்கள்.

அந்தக் கேள்வி மெல்ல வீட்டுக்குள்ளும் வந்தது. உங்கள் மகன் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து, "அத்தான், ஒளிக்காமல் சொல்லுங்கோ. ஒபிஸ் பார்ட்டியில எடுக்கிறனீங்கள்தானே?" என்று கேட்டார். உங்கள் மகள் சுமதி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் கழற்றிப் போட்ட சட்டையை அவள் மணந்து பார்த்ததை ஒருநாள் கண்டேன்.

நீங்களும் நானும் அதுவரை அதிகம் கதைத்ததில்லை. எங்கள் கலியாணத்துக்கு உங்களுக்கு முழுச் சம்மதம் இருக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் பொரளையில் ஈரல் நிபுணரிடம் போன அன்று, எங்களோடு உள்ளே வந்தது நீங்கள். அவரும் அதையே கேட்டார். நான் வாய் திறக்க முதல் நீங்கள் சொன்னீர்கள்:

"டொக்டர், இவர் குடிக்கிறேல்லை. ஒரே வீட்டிலதான் இருக்கிறம். எனக்கு இவரை அவ்வளவு பிடிக்காது, அதால இவருக்காகப் பொய் சொல்லமாட்டன்."

டொக்டர் சிரித்துவிட்டார். குடும்பத்தில் யாருக்காவது வேறு வருத்தம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"ஏன் இல்லை?" என்றீர்கள். "கலியாணத்தில உங்கட அம்மா ஆராத்தித் தட்டைத் தூக்கேலாமல் நிண்டவா. விரலெல்லாம் கோணிப்போய் இருந்தது. தைரொயிட் குளிசையும் போடுறவா எண்டு எனக்குச் சொன்னவா."

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்கள் சில குடும்பங்களில் வருவதுண்டு, ஈரலையும் அது தாக்கலாம் என்றார். அதற்கான இரத்தச் சோதனை செய்தார்கள். பிறகு ஊசியால் ஈரலில் ஒரு சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். ஆட்டோஇம்யூன் ஹெப்பட்டைட்டிஸ் என்று ஒரு பெயர் கிடைத்தது. ஸ்டீரொயிட்டில் முகம் ஊதியது; மஞ்சள் இறங்கியது. சுமதி அழுதாள். நீங்கள் மகனுக்குப் போன் எடுத்து, "அத்தானிட்ட மன்னிப்புக் கேக்க வா. வரேக்க பேலியகொடையில நல்ல மீனாப் பாத்து வாங்கிக்கொண்டு வா" என்றீர்கள்.

போன வருடம் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. என்னைப் பிடித்துப்போனதா என்று நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சென்ற முறை கிளினிக்கில் என் பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவருக்குக் கண் மஞ்சள். "குடிக்கிறதை டொக்டரிட்டயும் மறைக்கிறார்" என்று அந்தப் பெண் என்னிடம் முறையிட்டாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிக்கிறேல்லை எண்டு அவர் சொன்னா, நம்புங்கோ தங்கச்சி. நீங்களும் உள்ள போய், வேற என்னெண்டு பாக்கச் சொல்லிக் கேளுங்கோ" என்றேன்.

அவரைக் கூப்பிட்டார்கள். அவள் சற்று யோசித்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு அவரோடு உள்ளே போனாள்.