சாமி இல்லாத மலை

பொம்மனஹள்ளி, பெங்களூரு,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லாவண்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால்கள் இரண்டும் மட்டும் நலம் இல்லை, காரணம் கீழே வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் ஆக்லாந்து குளிரில் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லக் கூடாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே அழாதம்மா அழாதம்மா என்கிறாய், நான் கத்திரிக்காய் விலையைச் சொல்ல வந்திருப்பேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயம் என்னவென்றால் போன வாரம் நான் தன்னந்தனியாக ஒரு காட்டுக்குப் போய் மலை ஏறிவிட்டு வந்தேன். பதறாதே, எழுதிக்கொண்டிருப்பது நான்தான், உயிரோடுதான் இருக்கிறேன். அப்பா போன இந்த எட்டு மாதத்தில் எனக்கு ஆறுதல் சொல்லாத ஆள் இந்த ஊரில் பாக்கி இல்லை. பால்காரர் சொல்லிவிட்டார், கேஸ் சிலிண்டர் போடுகிற பையன்கூடச் சொல்லிவிட்டான். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதால் கீழ் போர்ஷன் உத்தமனின் மனைவி ஹார்லிக்ஸோடு வந்து கதவைத் தட்டுகிறாள். சரி, வாய்விட்டு அழலாம் என்று ஏரிக்கரைக்குப் போனேன், அங்கே சிரிப்பு கிளப்காரர்கள் கையைப் பிடித்து வட்டத்தில் நிறுத்தி ஹா ஹா ஹோ ஹோ என்று சிரிக்க வைத்து அனுப்பினார்கள். அழ வந்தவளை இப்படிச் செய்தால் எங்கே போவது?

எதற்காக அப்படி அழவேண்டும் என்றால், அதை உன்னிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. அப்பா போன அன்றைக்குக் காலையில் தண்ணீர் டேங்கர் தெருமுனையில் ஹாரன் அடித்தது. சம்ப் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் பால்கனியில் நின்று, "ஓடுங்க, ஓடுங்க, போயிடப்போறான்"னு கத்தினேன். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். எதிர்வீட்டு கேட் வரைக்கும்தான் ஓடினார். ரத்தக்குழாய் அடைப்பு ரொம்ப நாளாக இருந்தது, ஓடாவிட்டாலும் நடந்திருக்கும் என்று டாக்டர் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். டாக்டருக்கு என்ன தெரியும், கத்தியவள் நான். அன்றிலிருந்து டேங்கர் சத்தம் கேட்டால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், உத்தமன்தான் போய்ப் பிடிப்பான்.

எங்காவது மலைமேல் போய்க் கத்தி அழுதால்தான் தீரும் என்று தோன்றியது. உன் ஷோபா அத்தையிடம் தெரியாமல் சொல்லிவிட்டேன். வருஷம் திரும்புகிற வரைக்கும் சாமி இருக்கிற மலையில் ஏறக் கூடாது அண்ணி என்று தடை போட்டுவிட்டாள். சரி, சாமி இல்லாத மலைக்குப் போகிறேன் என்றேன். அப்புறம்தான் தெரிந்தது, கர்நாடகாவில் அப்படி ஒரு மலை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று. சாவனதுர்காவில் நரசிம்மர், இங்கே இருக்கிற சிவகங்கையில் ஈஸ்வரன், ராமநகரத்தில் ராமர், சின்னதாக ஒரு குன்றைச் சொன்னால்கூட அங்கே ஆஞ்சநேயர் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருக்கிறார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அத்தை போனில் உற்சாகமாகத் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தாள், அண்ணன் போன பிறகு அவள் குரலில் அவ்வளவு தெம்பை நான் கேட்டதில்லை. கடைசியில் உத்தமன்தான் கனகபுரா தாண்டி ஒரு மொட்டைப் பாறையைக் கண்டுபிடித்தான். கோயில் இல்லை, பேர்கூட இல்லை. தன் டாக்ஸியிலேயே கொண்டுபோய் விட்டான், கூட வருகிறேன் என்று அடம்பிடித்தவனை வண்டியிலேயே உட்காரவைத்தேன்.

காட்டு வாசலில் ஃபாரஸ்ட் கார்டு, குரூப் எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். ஒருத்திதான் என்றேன். முடியாது என்றார். வீட்டுக்காரர் போய்விட்டார், அதான் ஒருத்தி என்றேன். அவ்வளவுதான், அவரும் ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார், அவர் அம்மா போன கதையையும் சேர்த்துச் சொன்னார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லி, கொண்டுபோன புளியோதரையில் பாதியைக் கொடுத்த பிறகு, கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், மழை வந்தால் இறங்கிவிட வேண்டும் என்று விட்டார்.

ஏறினேன் என்று எழுதுவது சுலபம். பாதி தூரம் நான்கு காலில் போனேன். யானை லத்தி ஒன்றைப் பார்த்து அரைமணி நேரம் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றேன், அப்புறம் பார்த்தால் அது காய்ந்து போன பழைய லத்தி. உச்சிக்குப் போனதும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது. ஓவென்று அழுதேன், கடவுளே உனக்குக் கண் இல்லையா என்று ஆரம்பித்து இங்கே எழுத முடியாத வார்த்தைகளில் திட்டினேன். திட்டி முடித்துத் தண்ணீர் குடிக்கத் திரும்பினால் பின்னால் ஒரு கல், மஞ்சள் குங்குமம் வைத்து, வாடின செவ்வந்திப் பூவோடு. மாடு மேய்க்கிறவர்கள் யாரோ வைத்திருக்கிறார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டேன், வேறு என்ன செய்வது. இதை அத்தையிடம் சொல்லிவிடாதே.

அப்போது மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. கீழே இருந்து கார்டு கையை ஆட்டி, மழை வருகிறது ஓடிவாருங்கள் ஓடிவாருங்கள் என்று கத்துகிறார். நான் ஓடவில்லை லாவண்யா. வழுக்குப்பாறையில் ஓட எனக்கென்ன பைத்தியமா, என் பாட்டுக்கு உட்கார்ந்தே நகர்ந்தேன். நகரும்போதுதான் உறைத்தது. யாரோ கத்தினால் ஓடிவிடுகிறோமா? முப்பத்தாறு வருஷத்தில் உங்கப்பா என் பேச்சைக் கேட்டு எதைச் செய்தார்? குடை எடுத்துப்போங்கள் என்றால் எடுத்ததில்லை, காய்ச்சல் மாத்திரை போட்டதில்லை, உன் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டச் சொன்னதற்கு சஃபாரி சூட்டில் நின்றார், ஆல்பத்தைப் பார். முந்தின வாரம் டேங்கர்காரன் எதிர்வீட்டுக்கு முதலில் தண்ணீர் விட்டுவிட்டான், அவனை இரண்டு கேள்வி கேட்கத்தான் அன்றைக்கு ஓடினார். சண்டை என்றால் அவருக்கு இருபது வயது குறைந்துவிடும். ஜென்மத்தில் ஒருநாள் என் சொல்லைக் கேட்டுவிட்டார் என்று எட்டு மாதமாக எனக்கு நானே பெருமை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பாறைமேல் உட்கார்ந்து சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன், மழையும் பிடித்துக்கொண்டது. கத்தினது நான்தான், அதற்கு மட்டும் மன்னித்துவிடுங்கள் என்று அவரிடம் சத்தமாகச் சொன்னேன். மற்றது என்னுடையது இல்லை. அன்று ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்கினேன்.

நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக, சண்டையும் சமாதானமுமாக இருங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. காலையில் வெறும் காபியோடு ஆபீசுக்கு ஓடாதே. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இனிமேல் போனில் எனக்கு ஆறுதல் சொல்லாதே. அறுபத்துநாலு வயதில் தனியாகக் காட்டுக்குப் போனாயே, அறிவிருக்கிறதா என்று நன்றாகத் திட்டு, நானும் பதிலுக்குத் திட்டுகிறேன். இந்த வீட்டில் யாரும் என்னோடு சண்டை போட்டு எட்டு மாதம் ஆகிறது.

உன் அம்மா
சாந்தகுமாரி கணேசமூர்த்தி