இரண்டாயிரம் லூமென்

மார்ச் 3, செவ்வாய்

புது டார்ச்சுகள் வந்துவிட்டன. கிடங்கில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், அறை பட்டப்பகலாகிவிட்டது. பழையது முந்நூறு லூமென், இது இரண்டாயிரம். எங்கள் மேலாளர், எடுத்ததற்கெல்லாம் பொரிவதால் கடுகு என்று நாங்கள் பெயர் வைத்த மனிதர், அவரே "பரவாயில்லயே" என்றார். பழையவற்றை உடனே பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டேன்.

குடிநீர்ச் சுரங்கத்தைப் பரிசோதிக்கும் குழுவுக்காக நான் தேர்ந்தெடுத்து வாங்கியவை இவை. குழுத் தலைவி என் மனைவி. "வீட்டம்மாவுக்குப் பரிசா?" என்று கிண்டல் செய்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 5, வியாழன்

சிறிய சுரங்கத்தில் நடந்து பார்த்துவிட்டு வந்தாள். டார்ச்சை மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

"கிட்டக்க பளிச்சுனு இருக்கு. தூரத்துல கூரை மசமசன்னு தெரியுது. பழசையே குடுங்க."

"ரெண்டாயிரம் லூமென்! அதவிட ஆறேழு மடங்கு. போய்க் கண்ண செக் பண்ணு."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் எண் பொய் சொல்லுமா? "தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள்.

மார்ச் 6

வீட்டில் தட்டு மட்டும் சத்தம் போடுகிறது.

மார்ச் 7, சனி

டார்ச் பெட்டிக்குள் இருந்த தாளை இன்றுதான் முழுதாகப் படித்தேன். வாங்கும் முன் படிக்க வேண்டியது.

எனக்கே புரிகிற மாதிரி எழுதிவைக்கிறேன். தோட்டத்துக் குழாய். மொத்தம் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது லூமென். ஒரே பக்கமாக எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பது கேண்டெலா — வாயை விரலால் அடைத்துப் பிடித்தால் அதே தண்ணீர் எட்டப் போகுமே, அது. எதிர்ச்சுவர் எவ்வளவு நனைகிறது என்பது லக்ஸ். தூரம் இரண்டு மடங்கானால் லக்ஸ் கால்வாசிதான்.

நான் வாங்கியது பூவாளி. நாலாபுறமும் தெளிக்கிறது!

அட்டையில் 'நூறு மீட்டர்' என்று போட்டிருக்கிறது. அங்கே போய் விழுவது கால் லக்ஸ், முழுநிலா வெளிச்சம். நிலா வெளிச்சத்தில் வேலி தெரியும். விரிசல் தெரியுமா?

காவலாளியிடம் பழையது ஒன்று மிச்சமிருந்தது. கிடங்கின் கதவுகளைச் சாத்தி, மறுகோடியில் லக்ஸ் மீட்டரை வைத்து இரண்டையும் அடித்துப் பார்த்தேன். பழையது நான்கு மடங்கு காட்டியது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியிருக்கிறேன். திங்கட்கிழமை அவர்கள் சுரங்கத்தின் நடுவே கூரை உயரமாக இருக்கும் பெரிய கூடத்துக்குள் போகிறார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

அவளிடம் சொல்லிவிட்டேன். "நீ சொன்னதுதான் சரி." அவள் சிரிக்கவில்லை. கூடத்தில் ஒரு சட்டம் உண்டு: முன்னால் இருக்கும் கூரையை எட்ட நின்று பார்த்த பிறகுதான் அதன் கீழே காலை வைக்க வேண்டும். கல் தளர்ந்திருந்தால் தலையில்தான் விழும். எட்டப் பார்ப்பதற்குத்தான் டார்ச்.

"நாளைக்குப் போகாத. லீவு போடு" என்று கெஞ்சினேன்.

"நான் போகலேன்னா வேற ஒருத்தர் போவாங்க. உங்க டார்ச்சத் தூக்கிக்கிட்டு."

கடுகுக்குப் போன் செய்தேன். "தண்ணிய நிறுத்தியாச்சுய்யா. ஒரு நாள் தள்ளினா ஊரே என் தலைமேல ஏறி உக்காரும். நீதான அடம்பிடிச்சு வாங்கின?" வைத்துவிட்டார்.

ஆமாம், நான்தான். என்ன செய்ய?

மார்ச் 9, திங்கள்

சுரங்க வாசலுக்குப் போய் எல்லார் எதிரிலும் சொன்னேன். இந்த டார்ச் கூடத்துக்கு ஆகாது, தப்பு என்னுடையது, இதை நம்பி உள்ளே போகாதீர்கள். கடுகு பொரிந்தார். என் வேலை, என் மூளை, என் வம்சம் ஒன்றையும் விடவில்லை.

என் மனைவி ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். பின்னாலிருந்தவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அப்புறம் கடுகு யாருக்கோ போன் செய்யப் போய்விட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

தீயணைப்பு நிலையத்திலிருந்து குறுகலாக, தூரமாக அடிக்கும் இரண்டு டார்ச்சுகள் கிடைத்தன. உள்ளே போனார்கள். நான் வாசலிலேயே நின்றேன்.

திடீரென்று உள்ளிருந்து தடாலென்று ஒரு சத்தம். காலடியில் மண் அதிர்ந்தது. கத்தினேனா? கத்தினேன் என்று காவலாளி சொல்கிறார்.

சற்று நேரத்தில் வெளியே வந்தாள். உடம்பெல்லாம் புழுதி. பாதி வழியிலேயே கூரையில் விரிசலைப் பார்த்து எல்லாரையும் நிறுத்தியிருக்கிறாள். ஓரமாக நின்று நீளக் கடப்பாரையால் நெம்பியதும் கதவு அகலக் கல் ஒன்று பெயர்ந்து விழுந்ததாம்.

"எந்த இடத்துல?"

"நாங்க ஏணி போடுறதா இருந்த இடத்துல."

எழுத முடியவில்லை. அவள் தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

புது டார்ச் மாதிரிகள் மூன்று வந்தன. "இதுல எதுய்யா நல்லது?" என்று கடுகு என்னைக் கேட்டார்.

"எனக்கு எப்படி சார் தெரியும்? உள்ள கொண்டு போயிருக்காங்க. வந்து சொல்லட்டும்."

கடுகு பொரியவில்லை. அவரும் நானும் சுரங்க வாசலில் காத்திருந்தோம்.