லாபம், ரெண்டு, மூணு

21 நவம்பர் 1988, திங்கள். ஓசூர்.

முனியம்மாவின் குரல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

சந்தையில் ராகி விற்கிறவர். மூன்று மாதமாகப் பேசினால் வெறும் காற்றுதான் வருகிறது. தொண்டையில் கோளாறு இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வேண்டுமென்றே நடிக்கிறாள் என்று அவர் வீட்டில் பேச்சு. குரல் போனவர்களைப் பற்றிய என் ஆராய்ச்சிக்கு இவர் உதவமாட்டார், விட்டுவிடு என்கிறார் மைசூரில் இருக்கும் என் கைடு. இன்றுதான் கடைசி என்று நினைத்து வரச் சொன்னேன்.

டேப்பை ஓடவிட்டு, எப்போதும்போல ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணச் சொன்னேன். காற்றுதான் வந்தது. எனக்கே அலுத்துப்போய் டேப்பை நிறுத்திவிட்டேன்.

போன வாரம் நான் கேட்டிருந்த ராகியைக் கொண்டுவந்திருந்தார். மூட்டையைப் பிரித்து, என் பையில் படியால் அளந்து போட ஆரம்பித்தார்.

"லாபம், ரெண்டு, மூணு..."

கரகரத்த குரல்தான், ஆனால் குரல். நாலாவது படி முடிந்ததும் கேட்டேன்.

"ஏம்மா, இத்தனை நாளா என்கிட்ட இப்படி எண்ணலையே?"

"நீங்க ஒண்ணுன்னு ஆரம்பிக்கச் சொல்றீங்க மேடம். அளக்கிறவங்க ஒண்ணுன்னு சொல்லுவாங்களா?"

அதையும் குரலோடுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கைடுக்குப் போட்டுக் காட்ட டேப்பில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், படியோடு. எண்ணச் சொல்லும் என் பயிற்சிப் படிவத்தில் 'ஒன்று' என்பதை அடித்துவிட்டு 'லாபம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.