காயத்துக்குச் சாட்சி கேட்கிறார்கள், அண்ணா

நம் வீட்டின் ஒரே ஹவில்தாருக்கு, என் உயிருக்கு உயிரான ஏழுமலை அண்ணாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அங்கேயாவது கால் வலிக்காமல் நடக்கிறாயா? இங்கே ஜமுனாமரத்தூரில் எல்லோரும் நலம். நலமில்லாதவர்களும் நலம் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் தாலுகா ஆபீஸ் எதிரே அதே ஜெராக்ஸ் கடையில், அதே தொப்பையோடு உட்கார்ந்திருக்கிறேன். ஐம்பத்தைந்து வயதிலும் சின்னப்பையன் என்ற பெயரைச் சுமக்கிறவனுக்கு இதற்கு மேல் என்ன கௌரவம் வேண்டும்?

கெட்ட சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லையில் குண்டுச் சில்லு பாய்ந்து உன் இடது தொடை கிழிந்ததே, அதற்கு உனக்கு வரவேண்டிய காயப் பதக்கம் இன்னும் வரவில்லை. இருந்தவரை நீ அலைந்தாய். இப்போது அண்ணி பச்சையம்மா அலைகிறார். ஃபைல் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நான்.

"செத்தவருக்கு இன்னாத்துக்கு அண்ணி மெடலு?" என்று நம் பெரியப்பா மகன் துரை கேட்டான், உன் பதினாறாம் நாள் சாப்பாட்டில். பாயசத்தை மூன்றாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டிருந்த வாயாலேயே கேட்டான். அத்தோடு விட்டானா? "அண்ணன் கால் ஊனமானதே புளியமரத்துலருந்து உழுந்துதான்னு ஊர்ல பேசிக்கிறாங்களே, நெசமா?"

அண்ணி பாயச வாளியை அப்படியே கீழே வைத்தார். "மெடலு இன்னாத்துக்குன்னு கேட்டியே, இந்த வாய மூடறதுக்குத்தான்" என்றார். துரை வாயை மூடிக்கொண்டான். பாயசம் முடியும்வரைக்கும்தான்.

நாம் இருவரும் போவோமே மலைக்குக் கீழே ஓர் ஆபீஸ், அங்கே போனேன். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதற்கும் மூன்று நகல் கேட்பார்கள். உன்னைப் பாடாய்ப் படுத்திய அந்தக் கண்ணாடிக்காரர் இன்னும் அதே நாற்காலியில் அதே துண்டைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாள் நீ பொறுக்க முடியாமல் பேண்ட்டைச் சுருட்டித் தழும்பைக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? மனிதர் ஏதோ அசிங்கத்தைப் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதையெல்லாம் என்கிட்ட காட்டாதீங்க. பேப்பர் இருந்தா காட்டுங்க."

அடுத்த முறை வேலூரில் எடுத்த எக்ஸ்ரேயைக் கொண்டுபோனோம். தொடைக்குள் சில்லு வெள்ளையாகத் தெரிந்தது, சோற்றில் கிடக்கும் கல்போல. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இரும்பு இருக்கு, சரி. இது சண்டைல வந்த இரும்பா, லாரில அடிபட்ட இரும்பான்னு எக்ஸ்ரேல எழுதி இல்லியே" என்றார். அண்ணா, அந்த மூளையைத்தான் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். படம் முழுக்க வெறும் கறுப்பாகத்தான் வரும். அந்தச் சில்லும் இப்போது உன்னோடு மண்ணுக்குள் போய்விட்டது.

அவர்களுக்கு வேண்டியது இரண்டு காகிதம். அடிபட்ட அன்று யூனிட்டில் எழுதிய காயச் சீட்டு ஒன்று. யூனிட் இடம் மாறியபோது அது எந்தப் பெட்டியோடு போனதோ, யாருக்கும் தெரியாது. இன்னொன்று, சிகிச்சை முடிந்ததும் ஆஸ்பத்திரி எழுதும் கடைசி அறிக்கை. அது தொலையவில்லை. எழுதவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்ததற்குப் பதிவு இருக்கிறது, முடிந்ததற்கு இல்லை.

"ஏன் சார் ட்ரீட்மென்ட் பாதியில வந்தீங்க?" என்று கண்ணாடிக்காரர் ஒவ்வொரு முறையும் கேட்பார். நீ ஒவ்வொரு முறையும், "சொந்த வேலைங்க சார்" என்பாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பேன். உலகத்தில் இல்லாத சொந்த வேலை! எல்லையில் வாயைத் திறந்து சத்தம் போட்டவனுக்கு இந்த ஆபீஸில் வாய் திறக்க வரவில்லையே என்று உன்னைத்தான் மனசுக்குள் திட்டினேன். பஸ்ஸில் வரும்போது வாய்விட்டும் திட்டினேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாய்.

நம் ஓய்வுபெற்றவர் சங்கத் தலைவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெயரைச் சொன்னால் வருத்தப்படுவார். சொல்லாவிட்டால் அதைவிட வருத்தப்படுவார். இருபது வருஷமும் ஸ்டோர் ரூமில் போர்வை எண்ணிய மனிதர். பணிக்காலத்தில் குண்டூசி தவிர வேறெதுவும் குத்தியதில்லை. கொடியேற்று நாளில் மட்டும் சட்டை தெரியாத அளவுக்குப் பதக்கம் குத்திக்கொண்டு வருவார். அவரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்கப் போனேன். அண்ணியை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, "சொல்றேன்னு தப்பா நெனக்காத சின்னப்பையா. நெசமா அடிபட்டவன் ஆஸ்பத்திரிய வுட்டு வருவானா? ஓடியாந்தவனுக்கு நான் எப்டி லெட்டர் குடுப்பேன்?" என்றார்.

ஓடி வந்தவன். அண்ணி காதில் விழுந்துவிட்டது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "மரத்துலருந்து உழுந்தவர்னு சொன்னதே தேவலாம்" என்றார்.

அன்றைக்கே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன், உன் ஆஸ்பத்திரி ஃபைலில் இருப்பது எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு. கோபம் மட்டுமில்லை அண்ணா, கொஞ்சம் ஜம்பமும். இவர்கள் யாவரும் முட்டாள்கள், நான் ஒருவன்தான் காகிதம் தெரிந்தவன் என்ற ஜம்பம். ஊருக்கே நகல் எடுத்துத் தருகிறவன் இல்லையா?

போன மாதம் தபாலில் ஐந்து தாள் வந்தது. நாலு தாளில் மருந்தும் ஊசியும். ஐந்தாவது தாளில் ஆங்கிலத்தில் மூன்று வரி. வீட்டிலிருந்து வந்த தந்தி யூனிட் வழியாக நோயாளிக்குக் கிடைத்தது. தாயார் உயிருக்குப் போராடுவதாகத் தந்தி. நோயாளி தன் பொறுப்பில் எழுதிக் கொடுத்துவிட்டு, சிகிச்சை முடியுமுன் வெளியேறினார்.

கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ, "ரெண்டு பக்கமும் எடுங்கண்ணே" என்றார்கள். நான் எதை எடுத்தேனோ தெரியாது.

அந்தத் தந்தியைக் கொடுத்தவன் நான். கலசப்பாக்கம் தந்தி ஆபீஸில், என் கையெழுத்தில். நம் பக்கம் பட்டாளத்துக்காரனுக்கு லீவு வாங்கித் தர எல்லா வீட்டிலும் செய்கிறதுதானே? அம்மா சீரியஸ், உடனே புறப்படு. கலசப்பாக்கத்துப் பெண்ணோடு எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாமனார் வீட்டு ஆட்களிடம், "எங்கண்ணன் மிலிட்டரி சரக்கு எடுத்தாருவான்" என்று மார்தட்டியிருந்தேன். நீ வரவேண்டியது எனக்காகக்கூட இல்லை அண்ணா. ரம் பாட்டிலுக்காக.

உனக்கு அடிபட்டது எங்களுக்குத் தெரியாது. நீதான் ஒவ்வொரு கடிதத்திலும் நலம், நலம் என்று எழுதிக்கொண்டிருந்தாயே! நீ பஸ்ஸைவிட்டு இறங்கி, கம்பு ஊன்றி, தொடைக்கட்டோடு வந்தபோது அம்மா வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒடம்பு எப்டிம்மா கீது?" என்றாய் நீ.

"எனுக்கு இன்னாடா? கல்லாட்டம் கீறேன். ஒனுக்கு இன்னாடா ஆச்சு காலு?"

நீ பதில் சொல்லுமுன் நான் உன் பெட்டியைத் திறந்துவிட்டேன். "பாட்டில் எங்கண்ணா?"

நீ என்னையே பார்த்தாய். "அடுத்த பஸ்ல வருது" என்றாய். பிறகு அம்மாவிடம், சின்னக் காயம், ஆஸ்பத்திரியிலேயே போகச் சொல்லிவிட்டார்கள் என்றாய். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. என் கல்யாணத்தில் பந்தலைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தவர்களை வரவேற்றாய். லீவு முடிந்ததும் நேராக யூனிட்டுக்குப் போய்விட்டாய். ஆஸ்பத்திரி உன்னை மறந்தது. அதற்கப்புறம் சாகும்வரை ஒரு சொல், ஒரு குத்தல் பேச்சு உண்டா? அந்தக் கண்ணாடிக்காரர் முன்னால் நீ சொன்ன சொந்த வேலை நான்தானா?

முட்டாள்களின் பட்டியலைத் திருத்தி எழுதிவிட்டேன். கண்ணாடிக்காரர் மூன்றாவது, தலைவர் இரண்டாவது.

இனி நல்ல சேதி. எல்லையில் உன்னோடு ஒரே பள்ளத்தில் கிடந்த கேரளத்து நண்பர், உனக்கு அடிபட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று எழுதி அனுப்பிவிட்டார். சிகிச்சை ஏன் பாதியில் நின்றது என்று விவரம் தெரிந்தவர் யாராவது அஃபிடவிட் கொடுத்தால் மறுபடி பார்க்கிறோம் என்று மேலிடத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. பதக்கம் வரும் என்று சொல்லவில்லை, பார்க்கிறோம் என்றுதான். அந்த விவரம் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான் மிச்சம்.

போளூரில் ஒரு நோட்டரி வக்கீலிடம் போனேன். கதையைக் கேட்டுவிட்டு அவர் பேனாவை மூடிவைத்தார். "சார், சாராய மேட்டர்லாம் வேணாம். பொய்த் தந்தின்னு வேற சொல்றீங்க. அம்மாவுக்கு நெசமாவே முடியலன்னு போட்டுடுவோம். அம்மாவும் இப்ப இல்ல, யாரு கேக்கப் போறா?"

உனக்குத் தெரியும் என் புத்தி. தலையை ஆட்டிவிட்டேன். டைப் ஆகிவிட்டது. விண்ணப்பதாரர் என்ற முறையில் படித்துக் காட்ட வேண்டுமே என்று அண்ணியிடம் எடுத்துப் போனேன். பாதியோடு படிப்பதை நிறுத்தினேன். தாளை மடித்துவிட்டு நடந்ததைச் சொன்னேன், பாட்டில் உட்பட.

அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இரவு தூங்கியிருப்பேன். அந்தத் தாளை வாங்கி அடுப்பில் போட்டார்.

"வேற எழுது. தந்தி பொய்னு எழுது. பாட்டிலுக்காகன்னு எழுது. எத்தினி பாட்டில் கேட்டன்னும் எழுது."

"ஆறு, அண்ணி."

"ஆறுன்னு எழுது."

எழுதிவிட்டேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அண்ணியும் நானும் மலையிறங்குகிறோம். கண்ணாடிக்காரர் முன்னால் அதை உரக்கப் படிப்பேன். சங்கத் தலைவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். யாராவது அவமானப்படுகிறார்கள் என்றால் தவறாமல் வருகிற மனிதர். ஆபீஸே சிரிக்கும். சிரிக்கட்டும். ஒரு வரியைக்கூட முழுங்க மாட்டேன். பதக்கம் வந்தால் அண்ணி கையில் வரட்டும். நான் அதைத் தொட மாட்டேன், அண்ணா. இது சத்தியம்.

பொய் சொல்லி உன்னை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுப்பி வரவழைத்த,
உன் கூடப்பிறந்த தம்பி
சின்னப்பையன்