கோடையில் தேய்ந்த பனி டயர்கள்

அன்புள்ள பிரித்,

இந்த வயதில் இப்போதுதான் எழுதக் கற்றேன்; எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நான் நலம். உன் முழங்கால் எப்படி?

நான் ஓட்டும் பள்ளி வண்டியின் பனிக்கால டயர்களை முதலாளி கவுக்கோ கோடையிலும் கழற்றவில்லை. சூட்டில் அந்த மென்மையான ரப்பர் தேய்ந்து, பனியைக் கவ்வும் ஆணிகள் பாதி உதிர்ந்துவிட்டன. குளிர்காலம் வந்ததும் அதிலேயே பிள்ளைகளை உறைந்த ஏரிமேல் போகும் பாதையில் ஓட்டிப்போகச் சொன்னார்.

"முடியாது," என்றேன்.

"வேற டிரைவர் வருவான், பெருசு!"

"வரட்டும். வந்து இதைப் படிக்கட்டும்."

என் கையாலேயே எழுதி வண்டிக் கண்ணாடியில் ஒட்டினேன்: "இந்த டயர் பனியில் நிற்காது. நீல்லாஸ்." தாய்மார்கள் உரக்கப் படித்தார்கள், என் பெயரையும் சேர்த்து! ஒரு பிள்ளையும் ஏறவில்லை. இன்று புது டயர் வந்துவிட்டது. கவுக்கோ முறைக்கிறார், முறைக்கட்டும்.

உலர்ந்த கலைமான் இறைச்சி அனுப்பு. கொஞ்சம் போதும், தனியாகத்தானே சாப்பிடுகிறேன். தபால்காரர் கிளம்புகிறார். அடுத்த வாரமும் எழுதுவேன்; இனி என்னை யாரும் நிறுத்த முடியாது.

உன் நீல்லாஸ்