வெள்ளைத் துணியும் இரண்டு கோடுகளும்

ஹெஷ்வான் மாதம் 4

வந்துவிட்டது, சொன்ன நாளுக்கு. இந்த ஒன்றில்தான் எனக்கு நல்ல பெயர். மாதம் தவறாதவளுக்குப் பிள்ளை தானாக வரும் என்றார்கள் ஜெருசலேமில் இருக்கிற அத்தனை கிழவிகளும். வரவில்லை. வரும் கோடையோடு கல்யாணமாகிப் பத்து வருடம் முடிகிறது. அதற்குமேல் பிள்ளை பெறாதவளை வைத்திருக்க வேண்டியதில்லை என்று மாமனார் சொன்னாராம். என் கணவர் நப்தலி என்னிடம் மறைத்துவிட்டார். நாத்தனார் மறைப்பாளா?

ஹெஷ்வான் 12

டாக்டரம்மா கொடுத்த பட்டையைச் சிறுநீரில் நனைத்தேன். இரண்டு கோடு. இன்றோ நாளையோ முட்டை வெளிவரும். அதற்கு ஒரு நாள்தான் ஆயுள். எனக்கோ தீட்டே கழியவில்லை. ரத்தம் நின்றபின் ஏழு சுத்த நாள் எண்ணி, சடங்குக் குளத்தில் முங்கி எழுந்தால்தான் அவர் என்னைத் தொடலாம். அது பதினைந்தாம் தேதி சாயங்காலம்.

அப்படியென்றால் இத்தனை வருடமும்? ஈரத் தலையோடு ஓடி ஓடி வந்தேனே — பஸ் போன பிறகு நிறுத்தத்துக்கு.

ஹெஷ்வான் 14

நப்தலி எங்கள் மதகுரு ரபியிடம் கேட்டு வந்தார். நாளைக் குறைக்க வழியில்லை. முட்டையைத் தள்ளிப்போட மாத்திரை சாப்பிடலாமாம். சட்டம் அசையாது, என் உடம்புதான் அசைய வேண்டும். ஆத்திரமாக வந்தது, அழுதேன். எதிர்க் கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார், கை நீட்ட முடியாமல். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

கிஸ்லேவ் 1

அடுத்த மாதத் தீட்டும் வந்துவிட்டது. மாத்திரை. குமட்டல்.

கிஸ்லேவ் 6

மூன்றாம் சுத்த நாள். காலையில் சோதித்த வெள்ளைத் துணியில் பொட்டளவு கறை. மாத்திரையால் இப்படி ஆகலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தாள். சிவப்பா, பழுப்பா? ரபியிடம் அனுப்பினால் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்வார். பழுப்பு என்றால் பிழைத்தேன். சிவப்பு என்றால் ஏழு நாளும் முதலிலிருந்து.

இந்த மாசமும் போச்சா? இதுல பொம்பள வாய்ச்சொல்தானே சாட்சி, வேற யாரு பாக்கப்போறா?

"எல்லாம் சரிதானே பெர்லா?" என்று வாசலில் நின்று கேட்டார் நப்தலி.

"சரிதான்" என்றேன்.

கிஸ்லேவ் 7

துணியை உருளைக்கிழங்குத் தோலோடு சுற்றிக் குப்பையில் போட்டேன்.

கிஸ்லேவ் 10

மதியம் இரண்டு கோடு. சாயங்காலம் குளம். ஒவ்வொரு முங்கலுக்கும், கரையில் கண்காணித்து நின்ற பெண் "சுத்தம்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்காமலிருக்க அவசர அவசரமாக மறுபடி முங்கினேன்.

கிஸ்லேவ் 26

மூன்று நாள் தள்ளியிருக்கிறது. என் வாழ்நாளில் முதல் தடவை. மாத்திரையால் இருக்கும். மாத்திரையால்தான் இருக்கும். நப்தலிக்கும் எண்ணத் தெரியும். பண்டிகை விளக்கேற்றும்போது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கிஸ்லேவ் 28

வந்துவிட்டது. அவரிடம் சொன்னேன்.

சாயங்காலம் மாமனார் வந்தார். பத்து வருடப் பேச்சை எடுத்தார். நான் சமையலறையில் இருந்தேன், கதவு திறந்திருந்தது.

"அவள விடமாட்டேன்ப்பா. இத்தனை வருஷத்துல ஒரு மயிரிழை பிசகினவ இல்ல அவ. பிள்ளை இல்லாட்டி போகுது, அப்படிப்பட்டவ கூட வாழுறதே எனக்குப் போதும்."

மாமனார் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். பாவத்துக்குப் பிள்ளையும் கிடைக்கவில்லை, நல்ல பெயர் மட்டும் கிடைத்தது. அந்தக் கறை என்ன நிறம் என்று இனி யாரிடம் கேட்பேன்?

நப்தலி பணியாரத் தட்டோடு உள்ளே வந்தார். "கேட்டுச்சா?" என்றார். தலையாட்டினேன். தட்டை என் கையில் தராமல், தீட்டு முறைப்படி மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். எடுத்துச் சாப்பிட்டேன்.