கிழக்கு மிதவை

மார்கழி 9, காலை 6.10

ஏழாம் கடற்கோபுரம். காற்று வடகிழக்கு, மிதம். மழை விட்டிருக்கிறது. மூன்றாம் புயல் நேற்று கரையைக் கடந்தது. நான்காவது நாளைக் காலைக்குமுன் வராது என்கிறது கணிப்பி, புயல்களின் வழியைக் கணிக்கும் எங்கள் கணினி. ஐந்தாவது அதற்கும் வெகுதூரம் பின்னால்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: எழுதுவது பிரகாசி, வயது பதினாறு. இங்கே சமையல் ஆள். மார்கழியில் புயல்கள் வரிசை கட்டி வரத் தொடங்கியபின் கடலில் நட்ட கோபுரங்களில் இது ஒன்று. விடுப்பில் போன அதிகாரியால் திரும்ப முடியவில்லை. இருப்பது நானும், கருவிகளைப் பார்க்கும் என் அண்ணன் இன்னாசியும்தான். கரைக்குத் தானாகச் செய்தி போகும் இணைப்பை மூன்றாம் புயல் பிய்த்துவிட்டது. இனி வயர்லெஸ்ஸில் பேசித்தான் சொல்லவேண்டும். பேசுவது அண்ணன். எனக்குத் தெரியாதவர்களிடம் குரல் எழும்பாது.

காலை 7.40

நடுக்கடலில் காற்றையும் அலையையும் அளந்து அனுப்பும் கிழக்கு மிதவையிலிருந்து எண்கள் வரவில்லை. அது இல்லாமல் நான்காம் புயல் எங்கே நிற்கிறது என்பதைக் கணிப்பி ஊகித்துத்தான் சொல்கிறது. கரையில் சனங்கள் முகாமிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். படகில் போய்ச் சரிசெய்துவிட்டு மாலைக்குள் வந்துவிடுவதாக அண்ணன் சொன்னான். போகலாமா என்று என்னைக் கேட்டான். கணிப்பியின் திரையைப் பார்த்துவிட்டு, போகலாம் என்றேன்.

பகல் 12.20

மிதவை உயிர்பெற்றது. அண்ணன் வயர்லெஸ்ஸில் வந்தான்.

"பாப்பா, வருதா?"

வருகிறது என்றேன்.

"இதுவும் உன்ன மாதிரிதான். தட்டிக் குடுத்தாத்தான் வாயத் தொறக்குது."

பகல் 12.35

புதிய எண்கள் சேர்ந்ததும் கணிப்பி படத்தை மாற்றி வரைந்தது. மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அதே படம். நான்காவது வழியில் தயங்கி நின்றிருக்கிறது. ஐந்தாவது அதை எட்டிப் பிடித்துவிட்டது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றி ஒரே புயலாகி விரைந்து வருகின்றன. இரண்டு மணிக்கு மிதவை. இருட்டுமுன் கரை. அண்ணன் இங்கே வந்துசேர மூன்று மணி நேரமாவது வேண்டும்.

அவனிடம் சொன்னேன்.

"கரைக்குச் சொல்லிட்டியா?"

நீதான் சொல்லவேண்டும் என்றேன்.

"என் செட்டு அவ்ளோ தூரம் எட்டாது. மொதல்ல அவங்களுக்குச் சொல்லு, பொறவு என்கிட்ட வா. படகு தாங்காது, நான் மிதவையில ஏறிக் கயித்தால என்னக் கட்டிக்கிறேன்."

கோபுரத்தில் இருப்பது ஒரே வயர்லெஸ். கரையோடு பேசும்போது அண்ணனைக் கேட்க முடியாது.

பகல் 1.30

கரையில் என் அழைப்பை எடுத்தவர் நல்ல மனிதர். என் குரல்தான் அவருக்கு எட்டவில்லை.

"சத்தமா சொல்லும்மா. பயப்படாத. இன்னொரு வாட்டி சொல்லு."

எண்களுக்கு நடுவில் அழுகை வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவர் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். எல்லாரையும் திரும்ப முகாமுக்கு ஏற்றுவதாகச் சொன்னார். உடனே அண்ணனுக்கு மாற்றினேன். இரைச்சல் மட்டும். எவ்வளவு நேரம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தானோ.

பகல் 2.40

மிதவையில் காற்று கடுமை. அலை கோபுரத்தின் முதல் தட்டு உயரம். மிதவை வழக்கத்தைவிட மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்து மிதக்கிறது. கணிப்பி அதைப் பிழை என்று சிவப்பில் குறிக்கிறது.

பிழையில்லை. ஓர் ஆளின் எடை.

பகல் 3.30

இங்கேயும் வந்துவிட்டது. தரை ஆடுகிறது. எழுத்து கோணுவதற்கு மன்னிக்கவும். ஒவ்வொரு முறை எண்கள் வரும்போதும் அந்த ஒன்றை மட்டும் பார்க்கிறேன். மூன்று தாழ்வு. மறுபடியும் மூன்று. வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டே இருக்கிறேன். பதில் சொல்ல முடியாவிட்டாலும் அவனுக்குக் கேட்கலாம். என்னென்னவோ சொன்னேன். கத்தினேன். இவ்வளவு நான் யாரிடமும் பேசியதில்லை.

மாலை 4.50

வயர்லெஸ்ஸை ஒருமுறை கரைக்கு மாற்றினேன். அங்கிருந்து: "கடைசி பஸ்ஸும் கெளம்பிடுச்சும்மா. ஒருத்தர் பாக்கியில்லாம ஏத்திட்டோம். அங்க எத்தன பேர் இருக்கீங்க?"

ரெண்டு பேர் என்றேன்.

மாலை 5.30

கிழக்கு மிதவை. காற்று குறைகிறது. அலை குறைகிறது. கருவி ஒழுங்காக வேலை செய்கிறது. ஆறாம் புயல் நாளை மறுநாள் என்று கணிப்பு.

மிதவை மட்டம் வழக்கம்போல்.

பிழை சரியாகிவிட்டது என்று கணிப்பி காட்டுகிறது.